மழைக்குக் காமா, மோட்டாருக்கு வெய்புல்: வாசகர் கேள்வி–பதில்

கையில் இருக்கும் தரவுக்கு நிகழ்தகவுப் பரவல் ஒன்றை (எந்த அளவு எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லும் வளைகோட்டை) பொருத்துவது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். நிரல் சொற்களை உச்சரிப்பின்படியே தமிழில் எழுதியிருக்கிறோம். சைபை என்பது பைத்தான் மொழியின் கணக்குத் தொகுப்பு; ஆர், ஆக்டேவ் இரண்டும் கணக்குக்கான வேறு நிரல் மொழிகள். ஷேப் பரவலின் வடிவத்தையும், லொகேஷன் அது எண்கோட்டில் நிற்கும் இடத்தையும், ஸ்கேல் அதன் விரிவையும் சொல்லும் எண்கள்; இவைதான் பண்பளவைகள்.

கேள்வி: வேலூரின் முப்பது ஆண்டுத் தினசரி மழையளவை பைத்தானில், சைபை கொண்டு காமா பரவலுக்குப் பொருத்தினேன். ஷேப் 0.1-க்கும் கீழே வருகிறது. லொகேஷன் எங்கோ போய் நிற்கிறது. ஓர் ஆண்டை நீக்கிவிட்டு ஓட்டினால் விடை தலைகீழாகிறது. பூஜ்ய நாட்களை வைத்தும் பார்த்தேன், எடுத்தும் பார்த்தேன். எங்கே தவறு?
— முதுகலைப் புள்ளியியல் மாணவி, காட்பாடி

பதில்: இரண்டு தவறுகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்போம். வேலூரில் ஆண்டின் பெரும்பாலான நாட்கள் மழையில்லா நாட்கள். காமா பரவலிலோ சரியாகப் பூஜ்யம் விழுவதற்கான நிகழ்தகவே கிடையாது. ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்: இன்று பெய்ததா, பெய்திருந்தால் எவ்வளவு? முதலாவதற்கு மழை நாட்களின் விகிதம் போதும். காமா இரண்டாவதற்கு மட்டும்.

எது மழை நாள்? இந்திய வானிலைத் துறையின் கணக்கில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பதிவான நாள். அவர்களுடைய ‘நாள்’ காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, இரவில் கொட்டிய மழை மறுநாள் தேதியில்தான் ஏறும். மணிவாரித் தரவை நள்ளிரவில் வெட்டி நீங்களே கூட்டியிருந்தால், ஒரே இடிமழை இரண்டு நாட்களுக்குப் பங்காகிவிடும். பதிவில்லாத நாட்களுக்கு -999 என்று போட்டிருக்கிறார்களா என்பதையும் முதலில் பார்த்துவிடுங்கள். சிறும எண்ணை அச்சிட்டுப் பார்க்க ஒரு வரி நிரல் போதும்.

அடுத்தது லொகேஷன். எதுவும் சொல்லாமல் ‘காமா டாட் ஃபிட்’ என்று அழைத்தால் சைபை ஷேப், லொகேஷன், ஸ்கேல் மூன்றையும் தேடும். ஷேப் 1-க்குக் கீழே போனால் காமா வளைகோடு தன் தொடக்கப் புள்ளியில் வானத்துக்கு எகிறும். அந்தத் தொடக்கத்தை உங்கள் தரவின் மிகச் சிறிய எண்ணுக்கு ஒரு மயிரிழை கீழே கொண்டுபோய் வைத்தால், மீப்பெரு சாத்தியக்கூறு முறை (இந்தத் தரவு வர அதிக வாய்ப்புத் தரும் வளைகோட்டைத் தேடும் முறை) பெரிதாக்கப் பார்க்கும் அந்த அளவு எல்லையே இல்லாமல் கூடிக்கொண்டே போகும். நிரல் அதைத்தான் துரத்துகிறது. கணினி பிழை செய்யவில்லை, கேட்ட கேள்விக்கு விடையே கிடையாது. லொகேஷனைக் கட்டிப்போடும் சொல் ‘எஃப்லாக்’ (எஃப், எல், ஓ, சி என்று நான்கு எழுத்து). எல்லா ஈர நாட்களையும் எடுத்தால் எஃப்லாக் = 0.

2.5-உம் அதற்கு மேலும் பதிவான நாட்களை மட்டும் எடுத்திருந்தால் 0 சரிவராது. கீழ்ப்பகுதி வெட்டப்பட்ட தரவு அது. எளிய வழி, வெட்டிய இடத்திலேயே லொகேஷனை வைப்பது. ஆனால் 2.5 என்று வைத்தால், சரியாக 2.5 பதிவான நாட்கள் பூஜ்யமாகி, தரவு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று சைபை நின்றுவிடும். மழைமானியில் 0.1 மில்லிமீட்டருக்கு முழுமையாக்குகிறார்கள், அதாவது 2.5 என்ற பதிவின் பொருள் 2.45 முதல் 2.55 வரை. எனவே 2.45-ஐக் கொடுங்கள்.

வந்த விடையைக் கையால் சரிபார்க்கலாம். லொகேஷனைக் கழித்த பிறகு சராசரி 14.0 என்றும், அதே எண்களின் இயல் மடக்கைகளின் சராசரி 2.15 என்றும் வைத்துக்கொள்ளுங்கள் (எண்கள் விளக்கத்துக்கு மட்டும்). 14-இன் மடக்கை 2.639. கழித்தால் 0.489, இதை ஏ என்போம். 4ஏ/3 = 0.652, ஒன்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.285, இன்னொரு ஒன்றைக் கூட்டி 4ஏ-யால், அதாவது 1.956-ஆல் வகுத்தால் ஷேப் 1.17. ஸ்கேல் = 14 ÷ 1.17, ஏறக்குறைய 12. நிரலின் விடை இதற்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். இதையே ‘ஆர்’ மொழியில் செய்தால் இரண்டாவது எண் 0.083 என்று வரும். பயப்படாதீர்கள், அது ஸ்கேல் அல்ல, அதன் தலைகீழான ‘ரேட்’. ஆர் தரும் ரேட்டை எடுத்துச் சைபையில் ஸ்கேலாகப் போடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து.

இவ்வளவும் சரியான பிறகும் பெருமழைப் பக்கம் பொருந்தாமல் இருக்கலாம். ஜூன்–செப்டம்பரில் மாலை இடிமழை. அக்டோபர்–டிசம்பரில் வங்கக் கடல் தாழ்வழுத்தம் கொண்டுவரும், விட்டு விட்டு நாள்கணக்கில் பெய்யும் மழை. இவை இரண்டு வேறு சாதி. பருவத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே பொருத்துங்கள். வடகிழக்குப் பருவத்தில் அடுத்தடுத்த நாட்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. அதனால் நிரல் சொல்லும் திட்டப்பிழை (விடை எவ்வளவு அசையலாம் என்ற அளவு) உண்மையைவிடச் சிறியது. சைபையின் ஃபிட் திட்டப்பிழையையே தராது, ஆரின் ‘ஃபிட்டிஸ்ட்ர்ப்ளஸ்’ தொகுப்பு தரும்.

கேள்வி: தோல் பதனிடும் ஆலைகள் உள்ள பகுதியில் 60 கிணறுகளின் நீரில் குரோமியம் அளந்தோம் (லிட்டருக்கு மில்லிகிராமில்). 26 கிணறுகளுக்கு ‘0.01-க்குக் கீழ்’ என்றுதான் ஆய்வக அறிக்கை. பாதியாக 0.005 போட்டு லாக்நார்மல் பொருத்தச் சொல்கிறார்கள். பூஜ்யம் போட்டால் நிரல் நிற்கிறது. எது சரி?
— ஆய்வக உதவியாளர், மேல்விஷாரம்

பதில்: இரண்டும் வேண்டாம். லாக்நார்மல் என்பது, எண்களின் மடக்கைகள் இயல்நிலைப் பரவலாக (மணி வடிவில்) விழும் பரவல். பூஜ்யத்துக்கு மடக்கை இல்லை என்பதால் நிரல் நிற்கிறது, அது நல்லதுதான். பாதி போடுவது அதைவிட மோசம், ஏனென்றால் நிற்காமல் ஓடும். 26 கிணறுகளும் துல்லியமாக 0.005 என்று நிரலிடம் பொய் சொல்கிறீர்கள். வளைகோடு அந்தச் செயற்கைக் குவியலை விழுங்கப் பார்த்து, விரிவைத் தவறாகக் கணக்கிடும். அந்த 26-ஐ நீக்கிவிட்டால் சுத்தமான கிணறுகளையே துரத்திவிட்டதாகும், இடைநிலை அளவு ஏறிவிடும்.

‘0.01-க்குக் கீழ்’ என்பதும் ஒரு தகவல்தான். அதை அப்படியே கொடுக்க வழி இருக்கிறது. ஆரில் ‘ஃபிட்டிஸ்ட்சென்ஸ்’ என்ற செயற்கூறு ‘லெஃப்ட்’, ‘ரைட்’ என்று இரண்டு நெடுவரிசைகள் கேட்கும். அளவு தெரிந்த கிணற்றுக்கு இரண்டிலும் அதே எண். தெரியாத கிணற்றுக்கு லெஃப்டில் ‘என்ஏ’ (மதிப்பு இல்லை), ரைட்டில் 0.01. இதை மாற்றிப் போட்டால் ‘0.01-க்கு மேல், எவ்வளவு என்று தெரியாது’ என்று பொருளாகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. இடைநிலை அளவு மட்டும் ஏறி உட்கார்ந்திருக்கும். சைபையில் 1.11 பதிப்பு முதல் ‘சென்சார்ட்டேட்டா’ இருக்கிறது. அதில் ‘லெஃப்ட் சென்சார்ட்’ என்ற வழியில் எண்களையும், எவை கீழெல்லைப் பதிவுகள் என்ற ஆம்–இல்லைப் பட்டியலையும் கொடுத்து, வருவதை லாக்நார்மின் ஃபிட்டுக்கு எஃப்லாக் = 0 உடன் அனுப்புங்கள். ஓர் ஆய்வகத்தின் எல்லை 0.01, இன்னொன்றுடையது 0.005 என்றாலும் கவலையில்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் அதனதன் எல்லை.

விடையைப் படிக்கும்போது ஒரு கண்ணி. ஆர் தருவது மடக்கையின் சராசரியும் திட்டவிலக்கமும். சைபை தரும் ‘எஸ்’ அந்தத் திட்டவிலக்கமேதான், ஆனால் அதன் ஸ்கேல் இடைநிலை அளவு, மடக்கை அல்ல. உதாரணத்துக்கு எஸ் 1.1, ஸ்கேல் 0.02 என்று வந்தால் பாதிக் கிணறுகள் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்குக் கீழே. சராசரி 0.037, இடைநிலை அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. குடிநீருக்கான இந்தியத் தர எல்லை 0.05, அதைத் தாண்டும் பங்கு: 0.05 ÷ 0.02 = 2.5, அதன் மடக்கை 0.916, எஸ்ஸால் வகுத்தால் 0.833, இயல்நிலை அட்டவணையில் அதற்கு மேலுள்ள பரப்பு 0.20. ஐந்தில் ஒரு கிணறு. ‘சராசரி எல்லைக்குள் இருக்கிறது’ என்று அறிக்கையை முடிப்பவர்கள் பார்க்காமல் விடுவது இந்த ஐந்தில் ஒன்றைத்தான்.

60-இல் 50 கிணறுகள் எல்லைக்குக் கீழே என்றிருந்தால் இந்த முறையும் கைகொடுக்காது. மிச்சமுள்ள பத்தை வைத்து வளைகோட்டின் கீழ்ப்பாதியைக் கற்பனைதான் செய்ய முடியும்.

கேள்வி: போர்வெல் மோட்டாருக்கு ரீவைண்டிங் செய்யும் கடை. காயில் கட்டிக் கொடுத்த 40 மோட்டார்களில் 23 மறுபடி எரிந்து வந்தன. அந்த 23-இன் மாதக் கணக்கை ஆக்டேவில் வெய்புல் போட்டுப் பார்த்தேன். ஓராண்டு வாரண்டி கொடுக்கலாமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: ஆயுட்காலத்தைக் கணக்கிட வெய்புல் பரவல் ஏற்றதுதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் 17 மோட்டாரை விட்டுவிட்டீர்களே, உங்கள் கைவேலைக்குச் சாட்சி அவைதானே! அவற்றுக்கு, கட்டிக் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை எத்தனை மாதம் என்று எழுதுங்கள். ‘இத்தனை மாதம் வரை எரியவில்லை’ என்பதே அவற்றின் தரவு. ஆக்டேவின் ‘டபிள்யூபிஎல்ஃபிட்’டில் மூன்றாவது இடத்தில் ஒரு பட்டியல் கொடுக்கலாம்: ஓடுவதற்கு 1, எரிந்ததற்கு 0. ஆரின் ‘சர்வ்ரெக்’கில் நேர்மாறு, எரிந்ததற்கு 1. விடையின் வரிசையும் மாறும். ஆக்டேவ் முதலில் ஸ்கேலையும் பிறகு ஷேப்பையும் தரும். சர்வ்ரெக் ‘ஸ்கேல்’ என்று அச்சிடுவது உண்மையில் ஷேப்பின் தலைகீழ். வெய்புல் ஸ்கேல் வேண்டுமானால் அதன் ‘இன்டர்செப்ட்’டை ஈ (இயல் மடக்கையின் அடிமானம், 2.718) என்ற எண்ணின் அடுக்காக ஏற்ற வேண்டும். சைபையில் ‘வெய்புல் மின்’னைத்தான் எடுக்க வேண்டும். ‘வெய்புல் மேக்ஸ்’ கண்ணாடியில் தெரியும் உருவம்போல் திரும்பியது.

ஷேப் 1-க்குக் கீழே என்றால் புதிதில்தான் அதிகம் எரிகின்றன: வார்னிஷ் சரியாகக் காயவில்லையா, ஜாயின்ட்டில் தண்ணீர் ஏறுகிறதா என்று பாருங்கள். 1-க்கு மேலே என்றால் தேய்மானம். விளக்கத்துக்கு ஷேப் 1.6, ஸ்கேல் 30 மாதம் என்போம். 12 ÷ 30 = 0.4, அதன் 1.6 அடுக்கு 0.231, ஒன்றிலிருந்து ஈ-யின் −0.231 அடுக்கைக் கழித்தால் ஓராண்டுக்குள் எரியும் பங்கு 0.21. நூற்றுக்கு 21 மோட்டாரை இலவசமாகக் கட்டித்தர முடியுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தண்ணீர் வற்றிக் காய்ந்து ஓடி எரிந்ததை வாரண்டியில் சேர்க்க மாட்டீர்கள் என்றால், அவற்றை எரிந்த மாதம் வரை ‘ஓடியவை’ என்று குறியுங்கள். எரிந்தபின் வேறு கடைக்குப் போனவர்களை ‘இன்னும் ஓடுகிறது’ என்று நம்பிக்கொண்டிருந்தால் கணக்கு உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: கோல்மகரோவ்–ஸ்மிர்னோவ் சோதனையில் பி மதிப்பு 0.6 வந்தது. ‘தரவு இயல்நிலைப் பரவல் என்று நிரூபிக்கப்பட்டது’ என்று மாணவர்கள் எழுதலாமா?
— கல்லூரி ஆசிரியர், வாணியம்பாடி

பதில்: கூடாது. இந்தச் சோதனை தரவுக்கும் பரவலுக்கும் இடையிலான மிகப் பெரிய விலகலைப் பார்க்கிறது; பரவல் சரியென்றால் இவ்வளவோ இதற்கு மேலோ விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பே பி மதிப்பு. முதலில், பி பெரிதாக இருந்தால் மறுக்க ஆதாரம் போதவில்லை என்று மட்டுமே பொருள். இரண்டாவது இன்னும் முக்கியம்: சராசரியையும் திட்டவிலக்கத்தையும் அதே தரவிலிருந்து எடுத்து, அதே தரவை வைத்துச் சோதித்திருப்பார்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை பொருந்துகிறதா என்று அவருக்கே மாட்டிப் பார்ப்பதுபோல. அட்டவணையிலுள்ள எல்லை, பண்பளவைகள் முன்கூட்டியே தெரிந்த நிலைக்கானது. 100 எண்களுக்கு 5 விழுக்காட்டு மட்டத்தில் அந்த எல்லை 0.136. பண்பளவைகளைத் தரவிலிருந்தே எடுத்தால் சரியான எல்லை, லில்லிஃபோர்ஸ் 1967-இல் இயல்நிலைப் பரவலுக்குக் கணக்கிட்டபடி, 0.089. விலகல் 0.11 என்று வந்தால் உங்கள் மாணவர் ‘பொருந்துகிறது’ என்பார், உண்மையில் பொருந்தவில்லை.

காமா, வெய்புல் போன்றவற்றுக்குப் போலித் தரவு முறைதான் வழி. பொருத்திய பரவலிலிருந்து அதே எண்ணிக்கையில் போலித் தரவை உருவாக்கி, ஒவ்வொரு முறையும் மறுபடி பொருத்தி, விலகலைக் குறித்து, இதை ஆயிரம் முறை செய்து, உண்மை விலகல் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். சைபை 1.10 முதல் ‘குட்னஸ் ஆஃப் ஃபிட்’ இதைத் தானே செய்கிறது. ‘மறுபடி பொருத்தி’ என்ற படியை விட்டால் எல்லாம் வீண்.

நிஜத் தரவில் ஐயாயிரம் எண்கள் இருந்தால் சோதனை ஏறக்குறைய எந்தப் பரவலையும் மறுத்துவிடும். அப்போது க்யூ–க்யூ வரைபடம்தான் துணை (பரவல் எதிர்பார்க்கும் எண்களைக் கிடையிலும் தரவின் எண்களை நெடுக்கிலும் வைத்து வரைவது). நடுவில் நேர்கோடாகவும் வால்பக்கம் மேலே வளைந்தும் போனால், உங்கள் தரவின் வால் பரவலின் வாலைவிடக் கனமானது. ஏஐசி (பொருத்தத்தையும் பண்பளவைகளின் எண்ணிக்கையையும் சேர்த்து எடைபோடும் எண்) கொண்டு இரண்டு பரவல்களை ஒப்பிடும்போது இரண்டும் அதே எண்களின்மேல் ஓடியிருக்க வேண்டும். ஒன்றை மூல எண்ணிலும் இன்னொன்றை மடக்கையிலும் ஓட்டிவிட்டு ஒப்பிட்ட ஆய்வேடுகள் உண்டு.

கேள்வி: புறநோயாளி டோக்கன் எண்ணிக்கைக்குப் பாய்சான் பொருந்தவில்லை. சராசரி 62, பரவற்படி (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) 310. சைபையின் பாய்சானில் ஃபிட்டும் இல்லை.
— வாசகி, வேலூர்

பதில்: தனித்த எண்ணிக்கைப் பரவல்களுக்கு அந்த வழியில் ஃபிட் கிடையாது. பாய்சானுக்கு அது தேவையுமில்லை, சராசரியே விடை. பாய்சானில் பரவற்படியும் 62 அளவில்தான் இருக்க வேண்டும், உங்களுடையது ஐந்து மடங்கு. பரவற்படி சராசரியைவிடப் பெரிதாக இருக்க இடம் தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலைப் போடுங்கள். அதன் இரண்டு பண்பளவைகள்: பி = 62 ÷ 310 = 0.2; என் = 62-இன் வர்க்கம் ÷ (310 − 62) = 15.5. இவற்றைத் தொடக்கமாக வைத்து, சைபை 1.9-இல் வந்த ‘ஸ்டாட்ஸ் டாட் ஃபிட்’டுக்கு எல்லைகள் கொடுத்து ஓட்டலாம். அது என்-ஐ முழு எண்ணாகவே தேடும் என்பதால் 15 அல்லது 16-க்குப் பக்கம் நிற்கும். அதற்கு முன் திங்கட்கிழமைகளைத் தனியே பிரித்துப் பாருங்கள். பாதி மிகைப் பரவல் அங்கேயே கரைந்துவிடலாம்.

கேள்வி: 31 ஆண்டுகளின் உச்ச ஒருநாள் மழையை வைத்து நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழையைக் கணக்கிட்டேன். ஆரில் பொருத்திய எண்களைச் சைபையில் போட்டால் 60 மில்லிமீட்டர் குறைகிறது.
— பொறியாளர், ஆற்காடு

பதில்: குறி மாறியிருக்கிறது. ஆண்டு உச்சங்களுக்குப் பொருத்தும் பொது உச்சமதிப்புப் பரவலில் ஆரின் பெரும்பாலான தொகுப்புகள் வழக்கமான ஷேப்பைத் தருகின்றன. சைபையின் ‘ஜென்எக்ஸ்ட்ரீம்’ அதற்கு எதிர்க்குறியை எடுத்துக்கொள்கிறது. லொகேஷன் 90, ஸ்கேல் 30, ஷேப் +0.1 என்றால் நூறாண்டு மழை 265 மில்லிமீட்டர். அதே 0.1-ஐக் குறி மாற்றாமல் சைபையில் போட்டால் 201. ஒரு மதகின் அகலமே மாறிவிடும். ஆக்டேவில் ‘ஈவிஃபிட்’ சிறுமங்களுக்கானது என்பதையும் நினைவில் வையுங்கள். உச்சத்துக்குப் பயன்படுத்தினால் வளைகோடு தலைகீழ்.

குறி சரியானாலும் 31 ஆண்டுகளிலிருந்து நூறாண்டுக்குத் தாண்டுவது பெரிய தாவல். சுயவிவர முறையிலோ (‘புரொஃபைல் லைக்லிஹூட்’) போலித் தரவு முறையிலோ, விடை எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்ற நம்பிக்கை இடைவெளியைக் கணக்கிட்டு, மேல் எல்லையையும் அறிக்கையில் எழுதுங்கள். பாலாற்று நீரோட்டத்துக்கும் இதையே செய்ய நினைத்தால் ஒன்று கூடுதலாக வரும்: ஆறு மணலாகவே கிடந்த ஆண்டுகளின் பூஜ்யத்தை உச்சமதிப்பு என்று உள்ளே விடக்கூடாது, மழைக்குச் செய்ததுபோலத் தனியே எண்ண வேண்டும். 1903-இல் வாணியம்பாடியை அழித்த வெள்ளம் உங்கள் 31 ஆண்டுகளுக்குள் இல்லை, 2021 நவம்பர் வெள்ளம் இருக்கலாம். அந்த ஓர் ஆண்டை எடுத்தும் வைத்தும் ஷேப் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: எக்செல் மட்டும்தான் இருக்கிறது. முடியுமா?
— வாசகர், பேரணாம்பட்டு

பதில்: முடியும். ஒரு நெடுவரிசையில் தரவு, பக்கத்தில் ‘காமா டாட் டிஸ்ட்’டின் அடர்த்தியின் மடக்கை, அடியில் கூட்டுத்தொகை. எக்செலிலேயே உள்ள தேடல் கருவியான ‘சால்வர்’ கொண்டு அந்தத் தொகையைப் பெரிதாக்குங்கள். எக்செல் கேட்கும் பீட்டா ஸ்கேல்தான், ரேட் அல்ல. காட்பாடி வாசகிக்குச் சொன்ன கைக்கணக்கு விடையைத் தொடக்க மதிப்பாகக் கொடுங்கள், இரண்டு பண்பளவைகளும் 0.001-க்குக் குறையக் கூடாது என்று கட்டுப்பாடு போடுங்கள். போடாவிட்டால் சால்வர் கழித்தல் எண்ணுக்குப் போய், நெடுவரிசை முழுக்கப் பிழைக் குறியாகி நின்றுவிடும்.